மேட்டை விட்டு இறங்காதே

எனக்குப் பயம் என்றால் சும்மா பயம் இல்லை. காற்றில் ஒரு பொலித்தீன் பை உருண்டு வந்தாலும் நின்று, அது என்ன என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன். என் கணவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்க அவருக்கு உரிமை இருந்தது. மிதிவெடியில் கால் போனது அவருக்கு. இரண்டு காலும் முழுசாக இருந்த நான்தான் நடக்கப் பயந்து செத்தேன்.

போர் முடிந்து இந்தியாவிலிருந்து திரும்பி வந்த எங்களுக்கு முதலில் கிடைத்த இருப்பிடம், கூரையே இல்லாத ஒரு ஸ்டேசன். மன்னார்த் தீவிலிருந்து பெரிய பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்தால், உப்பு வெளியும் உடை மரப் பற்றையுமாகக் கிடக்கிற கரையில் அது தனியே நின்றது. கோச்சி என்றுதான் எங்கள் பக்கத்தில் ரயிலுக்குப் பெயர். அந்தக் கோச்சி ஓடாமல் போய் இருபது வருடம் இருக்கும். தண்டவாளம் இல்லை, அதைத் தாங்கிய சிலிப்பர் கட்டை இல்லை, ஓடு இல்லை, கதவு இல்லை. மேடையும் சுவர்களும் மட்டும் மிஞ்சியிருந்தன. மேடைக்கு இரண்டு பக்கமும், ஒரு காலத்தில் தண்டவாளம் கிடந்த மண் மேடு கண் போகிற தூரத்துக்கு நீண்டு போனது.

அந்த ஸ்டேசன் எனக்குப் புதிது இல்லை. நான் பிறந்து வளர்ந்த வீடு அதற்குப் பின்னால்தான் இருந்தது. அப்பா மீன் பெட்டிகளை ஏற்றிவிடப் போகும்போது நானும் வாலாகப் போவேன். ஐஸ் உருகி மேடையெல்லாம் மீன் தண்ணீர் ஓடும். எங்கள் ஸ்டேசனில் நிற்காமல் போகிற கோச்சி ஒன்றும் இருந்தது. அது வரும்போது ஸ்டேசன் மாஸ்டர் வெள்ளை உடுப்போடு மேடை ஓரத்தில் நின்று பெரிய வளையம் ஒன்றை உயர்த்திப் பிடிப்பார். என்ஜினிலிருந்து ஒரு கை நீண்டு அதைப் பறித்துக்கொண்டு போகும். அந்த வளையம் கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேசன் வரைக்கும் பாதை அந்தக் கோச்சிக்குச் சொந்தம் என்று அப்பா சொல்வார். எனக்கு அது விளங்காது. என்றைக்காவது ஒருநாள் அந்தக் கை வளையத்தோடு மாஸ்டரையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அப்போதே நான் அப்படித்தான்.

சண்டை திரும்பத் தொடங்கிய வருடம் கோச்சி நின்றது. மூடுகிறோம் என்று யாரும் சொல்லி மூடவில்லை. மாஸ்டர் சில நாள் வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு கதவைப் பூட்டிவிட்டுப் போனார். பூட்டு கொஞ்சக் காலம் இருந்தது. அதற்குப் பிறகு சிலிப்பர் கட்டைகள் போகத் தொடங்கின. ஒரு நாள் இயக்கப் பெடியள் வந்து கழற்றினார்கள், இன்னொரு நாள் ஆமி வந்து கழற்றியது. இரண்டு பகுதிக்கும் பங்கர் வேண்டியிருந்தது. நடுவில் அகப்பட்ட எங்களுக்கும் வேண்டியிருந்தது. அப்பாவும் சில கட்டைகளை வண்டிலில் கொண்டுவந்து எங்கள் பங்கருக்கு மேலே அடுக்கி மண் போட்டார். ஷெல் விழும் நேரமெல்லாம் அதற்குக் கீழே குந்தியிருப்போம். கட்டையில் ஊறியிருந்த தார் மணம் மூக்குக்குள் ஏறும். அம்மா செபமாலை சொல்லுவா, நான் அடுத்த ஷெல்லுக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் எங்கேயாவது தார் மணம் பட்டால் நான் ஷெல்லுக்குக் காது கொடுப்பேன்.

பிறகு படகேறி இராமேஸ்வரம் போனோம். முகாமில்தான் பெரிய பிள்ளையானேன், முகாமில்தான் கலியாணம், மகள் பிறந்ததும் முகாமில்தான். முகாமில் இருந்த முக்கால்வாசி ஆண்களைப் போல என் கணவரும் பெயின்ட் அடிக்கப் போய்வந்தார். சண்டை முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு ஊர்ப் பைத்தியம் பிடித்தது. நான் வரமாட்டேன் என்று நின்றேன். "அங்க என்ன பேயா இருக்கு?" என்று கேட்டார். பேய் இருந்தால் பரவாயில்லை, பேயை மிதித்தால் கால் போகாது என்றேன். அது வாய்க்கு வந்ததைச் சொன்ன சொல்தான். பிறகு பல தடவை அதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வந்து பார்த்தால் எங்கள் காணியைச் சுற்றிச் சிவப்புத் தடியும், மண்டையோடு கீறிய பலகையும். இன்னும் மிதிவெடி எடுத்து முடியவில்லை, அதுவரைக்கும் ஸ்டேசனில் இருங்கள் என்று, கூரைக்கும் வாசலுக்கும் கட்டத் தறப்பாள் தந்தார்கள். டிக்கெட் கொடுக்கிற அறை எங்களுக்குக் கிடைத்தது. மாஸ்டரின் அறை புத்தளத்திலிருந்து திரும்பி வந்த ஒரு முஸ்லிம் அக்காவுக்குப் போனது. அந்த அக்காவுக்கும் இதே ஊர்தான். நாங்கள் கடலால் ஓடிய வருடம், முஸ்லிம்கள் என்று அவர்களை இயக்கம் தரையால் துரத்தியது. டிக்கெட் யன்னலின் கம்பிகளுக்கூடாக என் மகள் தலையை நீட்டி, "எங்க போகணும், சொல்லுங்க" என்று இந்தியாத் தமிழில் கேட்பாள். அக்கா வெளியே நின்று, "புத்தளத்துக்கு மட்டும் வேணாம் மகள், வேற எங்கயும் தாங்க" என்பா. சிரிப்போம். நான் சிரித்துக்கொண்டே தரையைப் பார்ப்பேன். சீமெந்துத் தரைக்குக் கீழே ஏதாவது இருந்தால் என்ன செய்வது என்ற யோசனை என்னை விட்டுப் போனதில்லை.

மேடு மட்டும் பயமில்லாத இடம். புதுப் பாதை போடப் போகிறார்கள் என்று அதைத்தான் முதலில் துப்புரவாக்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் போக, கிணற்றடிக்குப் போக, றோட்டுக்குப் போக, எல்லாவற்றுக்கும் மேட்டின் மேலால்தான் நடந்தோம். ஒருவர் பின்னால் ஒருவர். எதிரே ஆள் வந்தால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் விலகி வழி விடுவோம். கீழே இறங்க மாட்டோம்.

வந்து இரண்டாம் மாதம் இருக்கும். தறப்பாளைத் தூக்கித் தூக்கி உள்ளே போய் வருவது என் கணவருக்கு அலுத்துவிட்டது. ஒரு கதவு போட வேண்டும் என்றார். மேட்டுக்குக் கீழே, பற்றைக்குள் இடிந்துபோன பங்கர் ஒன்றிலிருந்து நல்ல சிலிப்பர் கட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கதவு நிலைக்கு அது காணும் என்று அவருக்கு நெடுக அதில் கண். நான் வேண்டாம் என்றேன்.

"இந்தா, கைக்கெட்டின தூரம். கழுதை எல்லாம் அதுக்குள்ளால போய் வருது."

"கழுதைக்கு நாலு கால் இருக்கு" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு போனார். மகளும் நானும் மேடையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டதும் சுளகைப் போட்டுவிட்டு ஓடினேன். மேட்டின் ஓரம் வரைக்கும் ஓடினேன். அங்கே என் கால் நின்றுவிட்டது. அவர் கீழே கிடந்தார். கிட்டத்தில்தான். முகம் தெரிந்தது, வாய் அசைவது தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே நான் பார்க்கவில்லை. அவருக்கு நினைவு தப்பவில்லை, ஆனால் என்ன சொல்கிறோம் என்ற அறிவும் இல்லை. என்னைக் கூப்பிடவில்லை, மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, வா. அப்பாவிட்ட வா."

அப்பா கூப்பிட்டால் பிள்ளை போகும்தானே. என் பின்னால் ஓடி வந்தவள் என்னைத் தாண்டி இறங்கப் போனாள். கைக்கு அகப்பட்டது அவள் தலைமயிர். அதைப் பிடித்து இழுத்தேன். அவள் அலறினாள், கீழே அவரும் அலறினார். அவள் மயிரை விடாமல் நான் அப்படியே நின்றேன். மிதிவெடி எடுக்கிற ஆட்கள் ஓடி வந்து, நிலத்தைப் பார்த்துப் பார்த்து இறங்கி அவரைத் தூக்கும் வரைக்கும் ஓர் அடிகூட நான் கீழே வைக்கவில்லை.

நான் செய்தது சரி என்று எல்லாரும் சொன்னார்கள். மிதிவெடி எடுக்கிறவர்களும் சொன்னார்கள், பார்க்க வந்த கன்னியாஸ்திரி அம்மாவும் சொன்னா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவரே சொன்னார். "நீயும் வந்திருந்தா பிள்ளைக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். சரிதான். ஆனால் சரி என்று தெரிந்ததால் பயம் குறையவில்லை, கூடியது. அன்றைக்கு அவள் தலைமயிர் என் கைக்கு அகப்படாமல் போயிருந்தால் என்ற நினைப்பு வந்தால் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அதற்குப் பிறகு மகளுக்கு ஒரு பாடம்தான். காலையில் தலை இழுத்துப் பின்னும்போது கேட்பேன், திரும்பி வரும்போது கேட்பேன்.

"மேட்டை விட்டு?"

"இறங்க மாட்டன்."

"அப்பா கூப்பிட்டா?"

"இறங்க மாட்டன்."

"அம்மா கூப்பிட்டா?"

"அம்மா கூப்பிட்டாலும் இறங்க மாட்டன்."

இதைச் சொல்லும்போது முதலில் அவள் சிரிப்பாள். போகப் போகச் சிரிப்பு நின்றது. பேச்சும் மாறிக்கொண்டு வந்தது. "இறங்க மாட்டேம்மா" என்றவள், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் பகிடியைக் கேட்டுக் கேட்டு எங்களைப் போலப் பேசப் பழகினாள். என்னை நீ என்று சொல்வதை விட்டு நீங்கள் என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. பிள்ளை ஊரோடு ஒட்டிவிட்டாள் என்று நினைத்தேன்.

காணியைத் துப்புரவாக்கித் தந்ததும் ஸ்டேசனுக்குப் பின்னால் சின்னக் கல்வீடு ஒன்று கட்டினோம். கணவர் பொய்க்காலில் நடக்கப் பழகினார். பக்கத்தில் அக்காவும் வீடு கட்டினா. அந்தக் காலத்தில்தான் புதுப் பாதை வேலையும் தொடங்கியது. லொறி லொறியாகக் கருங்கல் வந்தது, சீமெந்துக் கட்டை வந்தது, புதுத் தண்டவாளம் வந்தது. பழைய ஸ்டேசனுக்கு ஓடு போட்டார்கள், சுவருக்கு மஞ்சள் பூசினார்கள். எங்கள் டிக்கெட் யன்னலுக்குக் கண்ணாடி வைத்தார்கள். நாங்கள் சமைத்த கரி சுவரில் இருந்ததே, அதற்கு மேலேயும் மஞ்சள். ஊரே போய்ப் பார்த்தது. எனக்கு அந்த மஞ்சள் பிடிக்கவில்லை. மிதிவெடிக்குக் கட்டுகிற நாடாவும் அதே நிறம்.

மேட்டின் இரண்டு பக்கத்தையும் முழங்காலில் நின்று, ஒரு சாண் ஒரு சாணாகத் தேடி முடித்தார்கள். ஒரு நாள் மண்டையோட்டுப் பலகைகளைப் பிடுங்கி வாகனத்தில் ஏற்றினார்கள். இனிப் பயமில்லை, தாராளமாகப் போய் வரலாம் என்று கூட்டம் வைத்துச் சொன்னார்கள். அடுத்த நாளே அக்கா ஆட்டைக் கொண்டுபோய்ப் பற்றைக்குள் கட்டினா. பிறகு தானே போய் விறகு வெட்டினா.

"கிளியர் எண்டு சொல்லிப்போட்டாங்க தங்கச்சி. எண்ட ஆடு ஒரு மாசமா மேயுது. அல்லாஹ் காவல், ஒண்டுமில்ல."

"ஆட்டின்ர பாரம் வேற, பிள்ளையின்ர பாரம் வேற அக்கா."

"அப்ப மாட்டைக் கட்டிப் பாக்கவா?" என்று கேட்டுச் சிரித்தா.

கணவரும் மேட்டின் அடிவாரத்தால் பொய்க்காலோடு நடக்கத் தொடங்கினார். இந்தக் கால் போனால் வேறு தருவார்கள், செலவில்லை என்று பகிடி விட்டார். பகிடி முடிந்ததும் அவர் உண்மையாகக் கேட்டது ஒன்று இருந்தது.

"தண்டவாளம் போட்டாச்சு. இனிக் கோச்சி வரப்போகுது. பிள்ளையைக் கீழால போகச் சொல்லு."

"கோச்சி வந்தால் கேக்கும். மிதிவெடி கேக்காது" என்றேன்.

ஆனால் எனக்கு அது வென்ற மாதிரி இல்லை. பிள்ளையை எந்தப் பயத்தின் வழியால் அனுப்புவது என்று இரண்டு பயத்தையும் கையில் வைத்து நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று என் கண்ணால் பார்த்தது. மற்றது சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. பார்த்த பயம்தான் பாரமாக இருந்தது. அவள் தண்டவாளத்துக்கு நடுவில், சீமெந்துக் கட்டையில் கால் வைத்து வைத்துப் பள்ளிக்கூடம் போய் வந்தாள். அவள் மட்டும் இல்லை. திரும்பி வந்த குடும்பங்களில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள்.

வேலைக் கோச்சி சில நேரம் வரும். கல் ஏற்றிக்கொண்டு, நடக்கிற வேகத்தில், முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடப்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது. கையைக் காட்டிக் கீழே இறங்கச் சொல்வான். பிள்ளைகள் இறங்க மாட்டார்கள். ஒரு நாள் அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்க, பின்னால் என்ஜினும் நிற்க, பிள்ளைகள் வரிசையாகத் தண்டவாளத்தின் மேலேயே நடந்து மேடைக்கு வந்து ஏறினார்கள். என் மகள்தான் முன்னால். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. கோச்சி என்றால் நிற்கும் என்று அந்தப் பிள்ளைகள் அன்றைக்குப் படித்துவிட்டார்கள்.

வெள்ளோட்டம் விடப் போகிறார்கள் என்று முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். தண்டவாளத்தில் நடக்க வேண்டாம், ஆடு மாடு கட்ட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மகளோடு போய், அவளோடு வருகிறேன் என்றேன். அடுத்த நாளிலிருந்து அப்படித்தான் செய்தேன். காலையில் கூட்டிப்போவேன், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் போய்க் கூட்டிவருவேன். அவளைப் பிடித்தபடி, முன்னும் பின்னும் பார்த்தபடி, தண்டவாளத்தின் மேலேதான். கீழால போகலாமே என்று அக்கா கேட்டா. நாளைக்குப் போகிறோம் என்றேன். அந்த நாளை வரவேயில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டுவிட்டார்கள். யாரோ பெரிய ஆள் வரவில்லை என்று ஏதோ ஒரு கூட்டம் நின்றுபோனதாம். எனக்குத் தெரியாது. மாரி மழை விட்டிருந்தது. வாடைக் காற்று முதுகில் அடித்தது. துணி காயப்போட வெளியே வந்தவள் தற்செயலாக மேடைப் பக்கம் பார்க்கிறேன், தூரத்தில் தண்டவாளத்தின் நடுவில் வெள்ளைச் சட்டை ஒன்று வருகிறது. தனியே. நடை என் மகளின் நடை.

துணியைப் போட்டுவிட்டு மேடைக்கு ஏறினேன். கோபம்தான் முதலில் வந்தது. தனியே வரக்கூடாது என்று எத்தனை தடவை சொன்னது. திட்டுவதற்குச் சொற்களைக்கூட எடுத்து வைத்துக்கொண்டு, மேடையின் கடைசிச் சரிவால் இறங்கித் தண்டவாளத்தில் நடந்தேன். அப்போதுதான் அவளுக்குப் பின்னால், பாலத்துப் பக்கமிருந்து வருகிற வளைவில், அதைக் கண்டேன். என்ஜின் ஒன்று, பின்னால் ஒரு பெட்டி. கொடியோடு யாரும் முன்னால் நடக்கவில்லை.

காற்று எங்கள் பக்கமிருந்து அங்கே வீசியது. சத்தம் எனக்கும் கேட்கவில்லை, அவளுக்கும் கேட்கவில்லை. நான் கையை ஆட்டினேன். அவளும் கையை ஆட்டினாள். அம்மா வந்திருக்கிறா என்ற சந்தோசம். பிறகு கூவென்று அது கத்தியது. அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கம் ஓடத் தொடங்கினாள். தண்டவாளத்தின் நடுவால்தான். கட்டைக்குக் கட்டை தாண்டி, முதுகில் பை குதிக்க, மேடையைப் பார்த்து ஓடி வந்தாள். மேடை இன்னும் நெடுந்தூரம்.

"இறங்கு" என்று கத்தினேன். "பிள்ளை, கீழ இறங்கு."

அவளுக்குக் கேட்டது. ஓடிக்கொண்டே தலையை ஆட்டினாள். இல்லை என்று. அந்தத் தலையாட்டலை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். அடங்காத பிள்ளையின் தலையாட்டல் இல்லை அது. பாடம் கேட்கிற டீச்சருக்குச் சரியான பதில் சொல்கிற பிள்ளையின் தலையாட்டல். அம்மா கூப்பிட்டாலும் இறங்க மாட்டன்.

நானும் அவளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். ஓட ஓடக் கத்தினேன். மாதாவே என்று கத்தினேனா, மகளே என்று கத்தினேனா தெரியாது. என்ஜின் பிரேக் பிடித்துக் கிறீச்சென்று அழுதது, ஆனால் நிற்கவில்லை. அவள் முகம் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் அது பெரிதாகிக்கொண்டு வந்தது. இனி நான் எதைச் சொன்னாலும் அவள் கேட்க மாட்டாள் என்று அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது. சொல்லிப் பயனில்லை.

நான் இறங்கினேன். யோசித்து இறங்கவில்லை. கருங்கல் சறுக்க, மேட்டின் சரிவால் பாதி விழுந்து பாதி ஓடி, மழை ஊறிய உப்பு மண்ணில் கால் புதையப் பற்றைக்குள் போய் நின்றேன். நின்று இரண்டு கையையும் விரித்தேன்.

"இஞ்ச பார். அம்மா நிக்கிறன். இஞ்ச பார், பிள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்த அந்த முகத்தில் அப்படியொரு பயம். பின்னால் வருகிற என்ஜினுக்கு அப்படி அவள் பயப்படவில்லை. வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டு, என்னிடம் வருவதற்காகத் தண்டவாளத்தைத் தாண்டினாள். சரிவில் விழுந்தாள். அவளுக்கு மேலே, தண்டவாளத்தில் அது போனது. கல் தெறித்தது, காற்று என் தலைமுடியை இழுத்தது. யன்னலில் ஒரு மனிதன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி போனான்.

பிறகு சத்தம் எல்லாம் போய்விட்டது. மகள் எழுந்தாள். முழங்கால் உரசி இரத்தம் வந்தது, வேறு ஒன்றும் இல்லை. எழுந்தவள் செய்த முதல் வேலை, திரும்ப மேட்டில் ஏறியது. நாலு காலில் ஏறி, தண்டவாளத்தில் நின்றுகொண்டு கீழே என்னைப் பார்த்தாள்.

நான் மேலே போயிருக்க வேண்டும். முடியவில்லை. அப்போதுதான் எனக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. காலுக்குக் கீழே ஈர மண். சுற்றிவர உடை மரம், காய்ந்த புல், ஏதோ ஒரு துருப்பிடித்த தகரம். மிதிவெடி எல்லாம் எடுத்தாயிற்று என்று கூட்டத்தில் சொன்னது நினைவிருந்தது. அக்காவின் ஆட்டுப் புழுக்கை என் காலடியிலேயே கிடந்தது. கண்ணால் காண்கிறேன், கால் நம்ப மாட்டேன் என்கிறது. கொஞ்சம் அசைந்தாலும் எதையாவது அழுத்திவிடுவேனோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணவர் கிடந்த இடம் அதற்குப் பக்கத்தில்தான்.

"அசையாதேங்கோ" என்றாள் மகள். "அம்மா, அசையாதேங்கோ. நான் வாறன்."

"வராதே" என்றேன். "அப்பாவைக் கூப்பிடு. நீ வராதே."

அவள் கேட்கவில்லை. சரிவில் குந்தி, நான் இறங்கிய வழியைப் பார்த்தாள். ஈர மண்ணில் என் காலடிகள் ஆழமாகப் பதிந்திருந்தன. பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தது அது. அகப்பட்டால் வந்த அடியிலேயே திரும்ப வேண்டும். ஆனால் வெளியே நிற்கிறவர் உள்ளே வரவே கூடாது என்றும் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். அவள் என் முதல் காலடிக்குள் தன் காலை வைத்தாள். அழுதுகொண்டே, அடுத்ததற்குள் வைத்தாள். என் அடிகள் ஓடிய அடிகள், தூரம் தூரமாகக் கிடந்தன. அவளுக்கு எட்டாது. ஒவ்வொன்றுக்கும் கையை விரித்துத் தள்ளாடி, எட்டிக் குதித்தாள். ஒவ்வொரு குதிப்புக்கும் என் உயிர் போய் வந்தது. கத்தினால் தடுமாறுவாள் என்று கத்தவும் முடியவில்லை.

என்னிடம் வந்ததும் என் கையைப் பிடித்தாள். அவள் கை ஐஸ் போல இருந்தது. நாங்கள் திரும்பி, அதே அடிகளில், அவள் முன்னால் நான் பின்னால், மேட்டுக்கு ஏறினோம். தண்டவாளத்தில் கால் வைத்ததும் அவள் திரும்பி என்னை அடிக்கத் தொடங்கினாள். இரண்டு கையையும் பொத்தி என் வயிற்றில் குத்தினாள். வருடக்கணக்காக அவள் வாயில் வராத முகாம் தமிழ் வந்தது.

"ஏம்மா எறங்குன? எதுக்கு எறங்குன? அப்பா மாதிரி ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

கோச்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் அவளைத் தடுக்கவில்லை. அடித்து அடித்து ஓயும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பயத்தை அவள் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்தேன். அதை அவள் என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறாள் என்று கண்டதும் எனக்கு வந்த பயத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமில்லை.

மேடையையும் தாண்டித் தூரத்தில் என்ஜின் நின்றிருந்தது. அதிலிருந்து ஆட்கள் இறங்கி எங்களைப் பார்த்து ஓடி வந்தார்கள், கீழே இறங்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே வந்தார்கள். அக்காவும் வீட்டுப் பக்கமிருந்து பற்றைக்குள்ளால் குறுக்கே ஓடி வந்தா. மகள் என் கையை இறுக்கினாள். நாங்கள் இரண்டு பேரும் தண்டவாளத்தின் நடுவால், கட்டைக்குக் கட்டை கால் வைத்து, திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.